அம்பாசிடர் மார்க் 4 ஓவர் சார்ஜ்: ரெகுலேட்டர் மாற்றியும் 15 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கிறது

கீழக்கரை மார்க்4

வண்டி 1986 அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி எஞ்சின். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியிருக்கிறார். வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்கு உள்ளே இல்லை, தனிப் பெட்டி, பானெட்டுக்குள் பக்கத் தகட்டில் திருகியிருக்கிறது. ஹெட்லைட்டுக்கும் ரிலே போட்டு பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்திருக்கிறார்.

பேட்டரி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. ஊற்றி இரண்டு வாரம் ஆகவில்லை, பிளேட்டு தெரிகிறது. பக்கவாட்டில் லேசாக உப்பியிருக்கிறது, சாயல்குடி வரை ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. ஹெட்லைட் பல்பும் அடிக்கடி போகிறது. ராமநாதபுரத்தில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். ரெகுலேட்டர் போய்விட்டது என்று மாற்றினார், அப்படியே இருந்தது. அது டூப்ளிகேட் என்று சொல்லி இன்னொன்று மாற்றினார், அதுவும் அப்படியே. இப்போது ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

மீட்டர் வைத்துப் பார்த்தது: காலையில் எஞ்சின் போடாமல் 12.9, ஐடிலிங்கில் 14.6, ரேஸ் கொடுத்தால் 15.8 வரை ஏறுகிறது.

ராம்நாடு வயர்மேன்

தம்பி, இப்போதைக்கு ஒன்றையும் மாற்றாதே. முதலில் உன் மீட்டரைச் சந்தேகப்படு. சும்மா நின்ற பேட்டரி 12.9 காட்டுகிறதென்றால் எனக்கு இடிக்கிறது. நல்ல நிலையில் இருக்கிற சாதா லெட் ஆசிட் பேட்டரி ராத்திரி முழுக்க நின்றால் 12.6, 12.7 காட்டும். மலிவு மீட்டர்களில் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் மீட்டர் குறைத்துக் காட்டாது, கூட்டிக் காட்டும். நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் நடப்பு. இந்த ஒரு விஷயத்துக்காகவே நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி ரீவைண்டிங் கடையில் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புது பேட்டரி போட்டுவிட்டு மறுபடி அளந்து சொல்.

அளக்கும்போது ப்ரோபை பேட்டரியின் ஈயத் தூணிலேயே வை, கிளாம்பில் வைக்காதே. கிளாம்புக்கும் தூணுக்கும் நடுவே வெள்ளை பூத்திருந்தால் அங்கேயே ஒரு பொய் நுழைந்துவிடும். மீட்டர் வயர் பிளக் வயர்களுக்குப் பக்கத்தில் போகக் கூடாது, எண் குதிக்கும்.

இன்னொன்று. எந்தெந்த பல்பு போகிறது? ஹெட்லைட் மட்டுமா, பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாமா? யோசித்துச் சொல், அவசரமில்லை.

தங்கச்சிமடம் டீசல்

நான் போட் எஞ்சின் வேலை பார்க்கிறவன், கார் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் சார்ஜிங் எல்லாம் ஒரே கதைதான். எங்கள் பக்கம் இந்தக் கம்ப்ளெயின்ட் வந்தால் நான் முதலில் பார்ப்பது எர்த்து, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற வழி. தனி ரெகுலேட்டர் பெட்டிக்கு அதன் உடம்புதான் எர்த்து. அதைத் தகட்டில் திருகியிருக்கும் ஸ்க்ரூ துருப்பிடித்தால் ரெகுலேட்டருக்கு எர்த்து சரியாகக் கிடைக்காது. உண்மையில் 15 இருக்கும்போது அது 14 என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொடு, இன்னும் கொடு என்று ஃபீல்டுக்கு, அதாவது ஆல்டர்னேட்டருக்குள் காந்தம் உண்டாக்குகிற காயிலுக்கு, கரண்டைத் தள்ளும்.

கீழக்கரையில் கடலைப் பார்த்து வண்டி நிற்கிறதென்றால் கேட்கவே வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வீட்டு ஜன்னல் கம்பியே உரிந்து வருகிறது, திருகாணி எம்மாத்திரம். பெட்டியைக் கழற்றி, அடியில் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று ஆக்கி மாட்டு. அதற்கு முன்னால் அளந்தும் பார். எஞ்சின் ஓடும்போது ஒரு ப்ரோப் ரெகுலேட்டர் உடம்பில், இன்னொன்று பேட்டரி நெகட்டிவ் தூணில். 0.1க்குள் இருந்தால் எர்த்து சரி. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் அதே மாதிரி பார்.

மண்டபம் டூரிஸ்ட்

பாய், இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு. நான் சுமோ வைத்திருந்தபோது இதே பிரச்சினை. பகலிலும் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே ஓட்டினேன், அதிகமாக வருகிற கரண்டை லைட் தின்றுவிடும். ஒரு வருஷம் ஓடியது.

ஆல்டர்னேட்டர் நல்லதா கெட்டதா என்று தெரிய வேண்டுமென்றால் எஞ்சின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்று. எஞ்சின் நிற்காமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நல்லது. எங்கள் ஸ்டாண்டில் எல்லாரும் இப்படித்தான் பார்ப்போம்.

ராம்நாடு வயர்மேன்

மண்டபம், தயவுசெய்து அந்த இரண்டாவது யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். அது டைனமோ காலத்து வழக்கம். ஆல்டர்னேட்டர் கரண்ட் தள்ளிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் திடீரென்று பிடுங்கினால் அந்தக் கரண்டுக்குப் போக இடமில்லை. ஃபீல்டு காயிலில் இருக்கிற காந்தம் உடனே அடங்காது, அது அடங்குகிற அந்தக் கண நேரத்துக்குள் லைனில் பல பத்து வோல்ட் எகிறும். டையோடு பிளேட் போகும், ரெகுலேட்டருக்குள் இருக்கிற டிரான்சிஸ்டர் போகும், ரேடியோ இருந்தால் அதுவும் போகும். ஏற்கெனவே ஓவர் சார்ஜ் ஆகிற வண்டியில் இதைச் செய்வது இன்னும் மோசம், தணிக்க இருந்த ஒரே ஆள் பேட்டரிதான், அதையும் எடுத்துவிடுகிறோம்.

ஹெட்லைட் விஷயமும் அப்படித்தான். ரெகுலேட்டர் கட்டுப்படுத்துவது வோல்ட்டை, கரண்டை இல்லை. நீங்கள் லைட்டைப் போட்டால் ஆல்டர்னேட்டர் அதற்கும் சேர்த்துக் கூடுதலாகக் கொடுத்து வோல்ட்டைப் பழைய இடத்திலேயே நிறுத்தும். ரெகுலேட்டர் முழுக்கச் செத்து ஃபீல்டு எப்போதும் முழு வேகத்தில் இருந்தால்தான் லோடு போட்டால் வோல்ட் இறங்கும். உங்கள் சுமோவில் அதுவாக இருந்திருக்கும். இந்த வண்டியில் என்னவென்று இன்னும் தெரியாது.

உச்சிப்புளி ஒர்க்‌ஷாப்

போக்குவரத்துக் கழக ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். பேட்டரியைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பேட்டரி கொதிக்கிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம், வோல்ட் அதிகம் அல்லது பேட்டரியில் ஒரு செல் செத்துவிட்டது. இரண்டாவது வகையில் ரெகுலேட்டர் ஒழுங்காக 14.2 தான் கொடுக்கும். ஆறு செல்லுக்குப் போக வேண்டிய 14.2, ஐந்து செல்லுக்குப் போனால் செல்லுக்கு 2.8 வோல்ட்டுக்கு மேல் விழுகிறது. 2.4 தாண்டினாலே தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரிய ஆரம்பித்துவிடும். ஆக பேட்டரி கொதிக்கும், ஆனால் ஆல்டர்னேட்டர் மேல் குற்றமில்லை. ஓடும்போது பேட்டரி தூணில் 14.5க்குள் இருந்தும் கொதித்தால் பேட்டரியைப் பார், 15 தாண்டினால் சார்ஜிங்கைப் பார். இந்தப் பிரிவினையை முதலிலேயே செய்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். ஒரு செல் போன பேட்டரி சும்மா நிற்கும்போது 10.5 பக்கம்தான் காட்டும், தம்பி சொன்னதைப் பார்த்தால் அப்படி இல்லை.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. ஆறு செல்லும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்ட வேண்டும். எது எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட ஒன்றுக்கொன்று வித்தியாசம்தான் முக்கியம். 0.050க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த செல்லை நம்ப முடியாது.

தண்ணீர் பற்றி: டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். நம் மாவட்டத்துத் தண்ணீர் எப்படி என்று எல்லாருக்கும் தெரியும், குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் வாங்குகிறோம். கேன் தண்ணீர், ஏசியில் சொட்டுகிற தண்ணீர் எதுவும் வேண்டாம். ஏசி தண்ணீர் சுத்தம்தானே என்பார்கள், அது செம்புக் குழாய், அலுமினியத் தகடு, தூசி எல்லாவற்றையும் தடவிக்கொண்டு வருகிறது. கடைசியாக, இந்த நிலைமையில் வண்டி ஓடி நிறுத்தியதும் பேட்டரிக்கு மேல் குனிந்துகொண்டு யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே போதும், ஒரு பொறியில் வெடிக்கும், தெறிப்பது ஆசிட்.

கீழக்கரை மார்க்4

எல்லாருக்கும் நன்றி. மீட்டருக்கு புது பேட்டரி போட்டேன். வயர்மேன் அண்ணன் சொன்னது சரி, சும்மா நிற்கும்போது 12.6க்கு வந்துவிட்டது. ஆனால் ஓடும்போது பிரச்சினை போகவில்லை, ரேஸ் கொடுத்தால் 15.3. ஐடிலிங்கில் 14.1.

தங்கச்சிமடம் அண்ணன் சொன்ன எர்த்து அளவு: ரெகுலேட்டர் உடம்புக்கும் நெகட்டிவுக்கும் 0.04. ஆல்டர்னேட்டர் உடம்புக்கு 0.06. ஸ்க்ரூவைக் கழற்றிச் சுத்தம் செய்தும் அதே 15.3.

பல்பு விஷயத்தை யோசித்துப் பார்த்தேன். போவதெல்லாம் ஹெட்லைட் மட்டும்தான். பிரேக் லைட், இண்டிகேட்டர் பல்பெல்லாம் வண்டி வாங்கியதிலிருந்து மாற்றியதாக நினைவே இல்லை.

மண்டபம் டூரிஸ்ட்

எர்த்தும் சரி, ரெகுலேட்டரும் புதுசு என்றால் ஆல்டர்னேட்டர்தானே பாக்கி. எலக்ட்ரீஷியன் சொன்னது சரிதான் போல.

ராம்நாடு வயர்மேன்

பாக்கி ஆல்டர்னேட்டர் இல்லை, வயர். தம்பி சொன்ன பல்பு விஷயத்திலேயே பாதி பதில் இருக்கிறது.

ஹெட்லைட் ரிலே வழியாக நேரே பேட்டரியிலிருந்து வருகிறது, அதனால் அதற்கு முழு 15.3. அது சாகிறது. பிரேக் லைட் பழைய வழியிலேயே, இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ் பாக்ஸ் வழியாக வருகிறது. அது சாகவில்லை. பிரேக் பல்பு எரிகிற நேரம் குறைவு என்பதால் இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பேட்டரியில் இருக்கிற வோல்ட் இக்னிஷன் லைனுக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உன் ரெகுலேட்டருக்கும் சப்ளை அதே லைனில்தான் வந்திருக்கும், டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் கொடுப்பார்கள்.

ரெகுலேட்டருக்கு பேட்டரி தெரியாது. அதன் காலில், அதாவது சப்ளை டெர்மினலில், வந்து சேருகிற வோல்ட்தான் தெரியும். வழியில் ஒரு வோல்ட் தொலைந்தால், தன் காலில் 14.2 வரும்வரை ஃபீல்டைத் தள்ளும், அப்போது பேட்டரியில் 15.2 நிற்கும். இதில் ரெகுலேட்டரை எத்தனை முறை மாற்றினாலும் அதே எண்தான் வரும். ஒவ்வொரு புது ரெகுலேட்டரும் தன் வேலையை ஒழுங்காகச் செய்து பேட்டரியைக் கொதிக்க வைக்கும்.

மூன்று சோதனை செய். முதலாவது, எஞ்சினை நிறுத்திவிட்டு ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு வயரைக் கழற்றி, முனையை டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, எஞ்சினைப் போடு. ரேஸ் கொடுத்தும் 12.5 பக்கமே நின்றால் ஆல்டர்னேட்டருக்குள் ஃபீல்டு தானாக உயிர் பெறவில்லை, அது நிரபராதி. அப்போதும் 15 ஏறினால் உள்ளே ஷார்ட், அதைக் கழற்றத்தான் வேண்டும்.

இரண்டாவது, வயரைத் திரும்ப மாட்டி, 2000 ஆர்பிஎம் பக்கம் பிடித்துக்கொண்டு, ஒரு ப்ரோப் பேட்டரி பாசிட்டிவ் தூணில், இன்னொன்று ரெகுலேட்டருக்கு சப்ளை வருகிற டெர்மினலில். வருகிற எண்ணைச் சொல்.

மூன்றாவது, அதே ரேஸில் பேட்டரி வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல். வோல்ட் இறங்குகிறதா, அசையாமல் நிற்கிறதா, ஏறுகிறதா?

தங்கச்சிமடம் டீசல்

பிரேக்கை மிதித்தால் ஏறுமா? லோடு போட்டால் வோல்ட் ஏறி நான் பார்த்ததில்லையே அண்ணே.

ராம்நாடு வயர்மேன்

போட்டில் பிரேக் கிடையாதே, எங்கே பார்ப்பது. பொறுங்கள்.

கீழக்கரை மார்க்4

நம்ப முடியவில்லை. ஃபீல்டைக் கழற்றினால் 12.5, ரேஸ் கொடுத்தும் அசையவில்லை. பேட்டரி பாசிட்டிவுக்கும் ரெகுலேட்டர் டெர்மினலுக்கும் நடுவே 1.05 வோல்ட். பிரேக்கை மிதித்தால் 15.3 இருந்தது 16.0 ஆகிறது, காலை எடுத்தால் திரும்ப 15.3. வைப்பர் போட்டாலும் கொஞ்சம் ஏறுகிறது. தம்பியை உட்கார வைத்து பல முறை மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மண்டபம் டூரிஸ்ட்

இது எப்படி? பிரேக் லைட் கரண்டைத் தின்னும், தின்றால் குறையத்தானே வேண்டும்? பாய் மீட்டரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாரோ.

ராம்நாடு வயர்மேன்

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், சின்னக் கணக்குதான். இக்னிஷன் லைனில் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயிலுக்குச் சராசரியாக மூன்று ஆம்பியர், ரெகுலேட்டர் வழியாக ஃபீல்டுக்கு ஒன்றரை, மீட்டர்களுக்கு மிச்சம் என்று ஐந்து ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். வழியில் எங்கோ ஒரு ஜாயிண்டில் 0.2 ஓம் தடை. ஐந்தை 0.2ஆல் பெருக்கினால் 1 வோல்ட், அது அங்கே வெப்பமாகப் போய்விடுகிறது. பிரேக் லைட் 21 வாட் பல்பு இரண்டு, சேர்ந்து மூன்றரை ஆம்பியர். அதுவும் அதே ஜாயிண்டைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் இன்னொரு 0.7 வோல்ட் தொலையும். ரெகுலேட்டர் காலில் வோல்ட் 0.7 குறைந்ததும் அது என்ன செய்யும்? ஃபீல்டைக் கூட்டி, அந்த 0.7ஐ ஈடுகட்டும். 15.3, 16.0. தம்பி அளந்தது இந்தக் கணக்கில் அப்படியே விழுகிறது. மீட்டர் நேராகத்தான் இருக்கிறது.

ஹைவேயில் முன்னால் போகிறவர் பிரேக் பிடிக்கும்போது அவர் ஹெட்லைட் வெளிச்சம் பளிச்சென்று கூடுவதை யாராவது பார்த்திருந்தால், அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

0.2 ஓமை மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் கண்டுபிடிக்க முயலாதே தம்பி. மீட்டர் வயருக்கே அவ்வளவு தடை இருக்கும். கன்டினியூட்டி பீப் வந்தது, அதனால் வயர் நல்லது என்று சொல்கிறவர்களையும் நம்பாதே, பத்து ஓம் இருந்தாலும் பீப் வரும். கரண்ட் ஓடும்போது எங்கே வோல்ட் விழுகிறது என்று அளப்பது ஒன்றே வழி.

இனி படிப்படியாகப் போ. ஒரு ப்ரோபுக்கு நீள வயர் கட்டி பேட்டரி பாசிட்டிவ் தூணிலேயே விட்டுவிடு. இன்னொன்றை ஸ்டார்ட்டர் சொலினாய்டு, இக்னிஷன் சுவிட்சுக்கு உள்ளே வருகிற வயர், வெளியே போகிற வயர், ரெகுலேட்டர் என்று வரிசையாக நகர்த்து. எந்த இரண்டு இடத்துக்கு நடுவே எண் குதிக்கிறதோ அங்கேதான் ஆள் உட்கார்ந்திருக்கிறான். எஞ்சினை நிறுத்தியதும் ஜாயிண்டுகளை விரலால் தொட்டுப் பார், ஐந்து வாட் ஒரே இடத்தில் எரிகிறது, கட்டாயம் சுடும்.

தங்கச்சிமடம் டீசல்

இவ்வளவு தேடுவதற்கு ஒரு ரிலே போடு தம்பி. பழைய இக்னிஷன் வயர் ரிலே காயிலை மட்டும் இழுக்கட்டும், ரெகுலேட்டருக்கு சப்ளை ரிலேயின் 30, 87 என்ற டெர்மினல்கள் வழியாக பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு நேரே. ஒரு வோல்ட் தொலைந்த கதை அன்றே முடிந்தது. போட்டில் நான் இப்படித்தான் செய்வேன், கடலுக்குப் போகிறவனை ஜாயிண்டு தேடச் சொல்லி உட்கார வைக்க முடியாது.

உச்சிப்புளி ஒர்க்‌ஷாப்

ரிலே நல்ல யோசனைதான், நானும் போடச் சொல்வேன், ஆனால் இரண்டாவதாக. இப்போது ரிலே போட்டால் பேட்டரி வோல்ட் சரியாகிவிடும், சூடாகிற ஜாயிண்டு அங்கேயே இருக்கும். ஃபீல்டு கரண்ட் மட்டும்தான் அதிலிருந்து விலகும், காயிலும் பிரேக் லைட்டும் அதன் வழியாகத்தான் போகும். ஒருநாள் ஏர்வாடிக்கும் சிக்கலுக்கும் நடுவே காயிலுக்குக் கரண்ட் போகாமல் வண்டி நின்றுவிடும், இல்லை இன்சுலேஷன் உருகிப் பக்கத்து வயரைத் தொடும். நோயைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் ரிலே.

கீழக்கரை மார்க்4

கிடைத்துவிட்டது. எண்கள்: சொலினாய்டில் 0.03, சுவிட்சுக்கு உள்ளே வரும் வயரில் 0.10, சுவிட்சுக்கு வெளியே 0.19, ரெகுலேட்டரில் 1.05. சுவிட்சுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவேதான் என்று தெரிந்ததும் அந்த வெள்ளை வயரை இழுத்துக்கொண்டே போனேன். பழைய டைனமோவின் கட் அவுட் பெட்டி இருந்த இடத்தில், வயர் கட்டுக்குள், மூன்று வயரை முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். சுவிட்சிலிருந்து வருகிற வயர், காயிலுக்கும் ஃபியூஸ் பாக்ஸுக்கும் போகிற வயர், ரெகுலேட்டருக்குப் போகிற வயர். டேப் பிசுபிசுவென்று உருகி ஒட்டியிருந்தது. பிரித்தால் உள்ளே செம்பு இல்லை, பச்சைக் களிம்பும் கரிப்பொடியும்தான். கொஞ்சம் அசைத்ததில் ஒரு வயர் கையோடு வந்துவிட்டது.

கறுத்த பகுதியை வெட்டி, பளபளப்பு தெரியும்வரை பின்னால் போய், தற்காலிகமாக கனெக்டர் போட்டு இறுக்கினேன். 2000 ஆர்பிஎம்மில் பேட்டரியில் 14.45. பிரேக் மிதித்தால் 14.6. அவ்வளவுதான் ஏறுகிறது.

மண்டபம் டூரிஸ்ட்

சபாஷ் பாய். அந்த எலக்ட்ரீஷியனிடம் இரண்டு ரெகுலேட்டர் காசையும் திருப்பிக் கேளுங்கள்.

ராம்நாடு வயர்மேன்

ஒரு ரெகுலேட்டரை ஸ்டெப்னி பக்கத்தில் போட்டு வைத்துக்கொள்ளட்டும், இந்த மாடலுக்கு நினைத்த நேரத்தில் கிடைக்காது.

மிச்சம் இருக்கிற 0.19, சுவிட்சும் வயர் முனைகளில் இருக்கிற பழைய லக்குகளும் சாப்பிடுவது. அதற்குத்தான் இப்போது தங்கச்சிமடம் சொன்ன ரிலே. அதைப் போட்டால் 14.3க்குள் வரும், பிரேக் மிதித்தாலும் அசையாது. நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கொஞ்சமும் முக்கியம். பேட்டரி சூடாக ஆக அதற்கு வேண்டிய சார்ஜிங் வோல்ட் குறையும், பாகைக்குச் சுமார் 0.02 வோல்ட் என்று கணக்கு. ஊட்டியில் 14.6 பரவாயில்லை, சித்திரை மாதம் கீழக்கரையில் பானெட்டுக்குள் அதே 14.6 தண்ணீரைக் குடிக்கும்.

ஜாயிண்டை சால்டரிங் செய்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுவிடு.

தங்கச்சிமடம் டீசல்

இங்கே எனக்கு ஒத்துவராது. ஆடுகிற இடத்தில் சால்டரிங் வேண்டாம். ஈயம் உறிஞ்சிய இடம் வரை வயர் விறைப்பாகிவிடும், அது முடிகிற விளிம்பில் ஆடி ஆடி இழை இழையாக அறுந்துபோகும். வல்லத்தில் இது நிறையப் பார்த்துவிட்டேன். வயரை நசுக்கிப் பிடிக்கிற சரியான அளவு கிரிம்ப், அதற்கான சரியான பிளையர், மேலே உள்ளுக்குள் பசை இருக்கிற வகை ஹீட் ஷ்ரிங்க். சூடு காட்டும்போது இரண்டு பக்கமும் பசை வழிய வேண்டும், அப்போதுதான் உப்புக்காற்று உள்ளே போகாது. சாதா ஷ்ரிங்க் வெறும் சட்டைதான். வயர் வாங்கும்போது ஈயம் பூசிய செம்பு கிடைத்தால் அதையே வாங்கு, உள்ளே வெள்ளையாக இருக்கும். கறுப்பு டேப் மட்டும் சுற்றவே சுற்றாதே, ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை.

ராம்நாடு வயர்மேன்

வயர் கட்டை இரண்டு பக்கமும் கிளிப் போட்டு ஆடாமல் பிடித்தால் சால்டரிங்கும் நிற்கும். ஆனால் கிரிம்ப் பிளையர் நல்லதாக இருந்தால் உங்கள் வழிக்கு மறுப்பு இல்லை. குறட்டால் நசுக்குவதைத்தான் கிரிம்ப் என்று நம் கடைகளில் செய்கிறார்கள், அதற்கு சால்டரிங் எவ்வளவோ மேல்.

தொண்டி 800

இழையைத் திசை திருப்புகிறேன், மன்னிக்கவும். என் மாருதி 800 கார்புரேட்டர் மாடல், அதிலும் 15.5 வருகிறது. இதே மாதிரி வயர்தானா?

உச்சிப்புளி ஒர்க்‌ஷாப்

உங்கள் வண்டியில் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்கு உள்ளேயே இருக்கிறது, அதனால் தேடும் வரிசை மாறும். இக்னிஷனிலிருந்து வருகிற சின்ன வயரில் வோல்ட் குறைகிறதா என்று மேலே சொன்னபடி ஒருமுறை அளந்துவிடுங்கள், அது இரண்டு நிமிட வேலை. அங்கே ஒன்றும் இல்லை என்றால் ஆல்டர்னேட்டரைக் கழற்றத்தான் வேண்டும். கார்பன் பிரஷ் எங்காவது உடம்பைத் தொட்டு எர்த்து ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், தொட்டிருந்தால் ஃபீல்டு எப்போதும் முழு வேகத்தில் ஓடும். தொடவில்லை என்றால் உள்ளே இருக்கிற ஐசி ரெகுலேட்டரை மாற்றலாம், முழு ஆல்டர்னேட்டர் தேவையில்லை.

ஒரு குழப்பம் வர வேண்டாம். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வருகிற தடித்த வயரில் களிம்பு பிடித்தால், தன் டெர்மினலிலேயே வோல்ட்டைப் பார்க்கிற ரெகுலேட்டரில் பேட்டரிக்கு சார்ஜ் குறையும், கூடாது. கூடுவது ரெகுலேட்டருக்குத் தகவல் கொண்டுபோகிற வயர் கெட்டால் மட்டும்.

கீழக்கரை மார்க்4

ரிலே போட்டாகிவிட்டது, ஜாயிண்டு பசை ஷ்ரிங்க் போட்டு மூடியாயிற்று. 14.3, பிரேக் மிதித்தாலும் 14.3. உச்சிப்புளி ஐயா, ஹைட்ரோமீட்டரும் வாங்கினேன். ஐந்து செல் 1.255லிருந்து 1.265 வரை காட்டுகிறது, பாசிட்டிவ் பக்கத்திலிருந்து மூன்றாவது மட்டும் 1.215. பேட்டரியை மாற்ற வேண்டுமா?

உச்சிப்புளி ஒர்க்‌ஷாப்

இப்போதே வேண்டாம். வித்தியாசம் விளிம்பில் இருக்கிறது, அந்த செல்லில் பிளேட்டு வெகுநாள் வெளியே தெரிந்து காய்ந்திருக்கலாம். டிஸ்டில்ட் வாட்டரை அளவுக்கு நிரப்பி, வெளியே எடுத்து சார்ஜரில் குறைந்த கரண்டில், நாலு ஆம்பியர் போதும், ராத்திரி முழுக்க விடுங்கள். அறைக்குள் வேண்டாம், காற்றோட்டமான இடமாகப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றி ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு மறுபடி அளங்கள். மூன்றாவது செல் மேலே வந்து மற்றதோடு சேர்ந்துகொண்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். அங்கேயே நின்றால் அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். தண்ணீர் நிரப்பிய கையோடு அளக்க வேண்டாம், மேலே நிற்கிற வெறும் தண்ணீரைத்தான் ஹைட்ரோமீட்டர் உறிஞ்சும்.